போன வருசத்தையும் எடுத்துக்கிட்டுப் போ

நத்தாருக்கு முதல் நாள்.
ஹட்டன் கடைத்தெருவில்
குடையை மடக்கவும் விரிக்கவும் முடியாமல் நிற்கிறேன்.

ஃபிளாஸ்க் கொடுத்தாயிற்று.
கம்பளிப் போர்வை, இரண்டு முறை.
மூட்டுவலித் தைலம் கொடுத்த வருடம்
"எனக்கு வலிக்குதுன்னு யார் சொன்னா?" என்று
அப்பா மூன்று நாள்
நொண்டாமல் நடந்து காட்டினார்.

கடைப் பையன் ஒவ்வொன்றாய் எடுத்துப் போடுகிறான்:
அமுக்கினால் தமிழில் நேரம் சொல்லும் மணிக்கூடு,
குலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடி உருண்டைக்குள் மாதா.
அம்மாவிடம் நான்கு மாதாக்கள் இருக்கிறார்கள்.
ஒருவர் மட்டும் பெட்டிக்கு வெளியே.

"யாருக்கு அக்கா?"
"அம்மா அப்பாவுக்கு."
"வயசு?"
எழுபத்தொன்று, எழுபத்தாறு என்கிறேன்.
அவன் தலையைச் சொறிந்துகொண்டு
செருப்புகளைக் காட்டுகிறான்.

செருப்பு வேண்டாம் தம்பி.
கட்டாரிலிருந்து ரெஜினோல்ட் அனுப்பிய ஜோடி
போன திருவிழாவில்
சுரூபத்துக்குப் பின்னால் மலை சுற்றி வந்தது,
தொங்க காம்பரா லூர்தம்மாவின் காலில்.

போன வாரம் போனில் கேட்டேன்.
அப்பா: "அம்மாவுக்கு ஏதாச்சும் வாங்கு."
அம்மா: "எனக்கு என்னத்துக்கு, அவருக்கு வாங்கு."
பிறகு இருவரும் ஒரே குரலில்
கொழும்பில் மழையா என்றார்கள்.

மழை.
அப்பாவுக்கு அது ஓர் உத்தியோகம்.
ஃபெக்டரி மாடியில் இலை வாட்டி முப்பத்தொரு வருடம்;
பென்சில் கூடப் பிடிக்காதவர்,
வேலை விட்ட மறுநாள்
ஹோர்லிக்ஸ் போத்தலில் கோடுகள் கீறி
இஸ்தோப்புக்கு வெளியே வைத்தார்.
காலை ஆறு மணிக்கு அளவு. காய்ச்சலென்றாலும் அளவு.
கொப்பிகள் தீர்ந்து, கொப்பி அட்டைகள் தீர்ந்து,
இப்போது கலண்டர் தாள்களின் முதுகில் எழுதுகிறார்.
பதினாறு வருடமாக இதைப் பார்க்கிறேன்.
பார்த்துக்கொண்டே
தைலம் வாங்கியிருக்கிறேன்.

சி.ஆர். கொப்பி ஒன்று, இருநூறு பக்கம்.
விலையைக் கேட்டு வெட்கமாகி
ஒரு பேனையும் சேர்த்தேன்.
இன்னும் வெட்கமாகி
ஒரு கேக்.

பூசை முடிந்து வந்து அப்பா கொப்பியைப் பிரித்தார்.
நன்றி, சந்தோசம், ஒன்றும் சொல்லவில்லை.
மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.
முதல் வரியில் தேதி போட்டு
"ஒன்றரைக் கோடு" என்று எழுதி
ஊதிக் காயவைத்தார்,
போல்பொயிண்ட் மையை.

அம்மாவுக்கு ஒன்றும் கொண்டுபோகவில்லை.
சொல்லியே விட்டேன்.
"இந்த முறையாவது வாயத் தொறந்து கேளுங்க."
அவள் அலுமாரியைத் திறந்தாள்.
"எடம் வேணும்."
விலைச்சீட்டு தொங்கும் துவாய்கள்,
சிப் திறக்காத போர்வை,
ஒரு முறையும் கொதிநீர் காணாத ஃபிளாஸ்க்.
"போன வருசத்தையும் எடுத்துக்கிட்டுப் போ.
அதுக்கு முந்தின வருசத்தையும்."

கோபமாக இருக்குமென்று முகத்தைப் பார்த்தேன்.
கோபமில்லை.
ஒவ்வொரு தட்டும் காலியாகும்போது
உள்ளங்கையால் துடைத்து, அந்த வெறும் பலகையை
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"இங்க என்ன வைக்கப் போறீங்க?"
"ஒன்னும் வைக்க மாட்டேன்" என்றாள்,
கேக் தின்றுகொண்டே.

ஒரு பையோடு போனவள் மூன்று பையோடு
ஹட்டன் ஸ்டேசனில் இருக்கிறேன்.
ரயில் ஒன்றரை மணி தாமதம்.
தண்டவாளத்தை மூடி வருகிறது பனி.
குளிர் பொறுக்காமல் பைக்குள் கைவிட்டால்
எந்த வருடமோ வாங்கிய மெரூன் ஸ்வெட்டர்,
பூச்சி உருண்டை மணத்தோடு.
அம்மாவின் உடம்பை மனதில் வைத்து
கடையில் விரித்து விரித்துப் பார்த்தது.

போட்டுக்கொண்டேன்.
தோளில், கையில், வயிற்றில்
அளவு சரியாக இருந்தது.

விலைச்சீட்டு மட்டும்
பின்கழுத்தை உரசிக்கொண்டே வந்தது,
வட்டவளை தாண்டியும்.